மக்கட்குப் பெயரிடும் முறையும் நம் கரையின் மரபும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைகட்குப் பெயரிடுதல் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். இது சிறு பொருளென்று எண்ணுவார் இவ்வவையில் ஒருவரும் இரார் என நம்புகின்றோம். ஏனெனில், பேரக்குழந்தையின் பெயர் காரணமாகப் பேச்சறுந்து போன சம்பந்திகளை நீவிர் அறிவீர்; யாமும் அறிவோம். யாம் தமிழாசிரியர் என்னும் ஒரே காரணத்தால், "ஐயா, ஒரு நல்ல பெயர் சொல்லுங்கள்" என்று எம் இல்லத் திண்ணைக்கு வருவோர் பலர். முன்னெல்லாம் வந்தோர் பொருள் கேட்டனர். பெயர் அவர்கள் கையிலேயே இருந்தது. இப்பொழுது வருவோர் பெயரையே கேட்கின்றனர். அவர்களுட் செம்பாதியினர், கணவர் நம் கரையினர், மனைவி பிறிதோர் ஊரினர், பிறிதோர் குலத்தினர், பிறிதோர் நெறியினர். இரண்டு குடும்பத்தின் பாட்டன்மாரும் பாட்டிமாரும் உயிரோடிருக்கின்றனர். இரு திறத்தார்க்கும் தத்தம் பெயர் மீது பற்று உண்டு. இடையில் நிற்பது பிறந்து பத்து நாளும் ஆகாத ஒரு பிள்ளை.

இந்நிலையில் மூன்று வகையான கருத்துக்கள் நம்மிடையே உலவுகின்றன. பர்னாந்து, மச்சாது, கொறேரா, கோமஸ் முதலிய பெயர்களெல்லாம் அயலவன் இட்டுச் சென்ற சூடுகள், அவற்றை அறவே களைந்து தூய தமிழ்ப் பெயரே இடுதல் வேண்டும் என்பார் ஒரு சாரார். முன்னோர் வைத்த பெயரில் ஓர் எழுத்தும் அசையலாகாது, மருமகள் வீட்டார் பெயருக்கு இங்கே இடமில்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விருவர்க்கும் அஞ்சி, எந்த வீட்டுக்கும் உரியதல்லாத, எந்த மொழியிலும் பொருள் தெரியாத, ஈரெழுத்து ஓசை ஒன்றைக் கைப்பேசியில் தேடி எடுத்து வைப்போர் மூன்றாமவர். எம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இம்மூன்றாம் வகையே ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. "உன் பெயருக்குப் பொருள் என்ன?" என்று கேட்டால் பிள்ளை விழிக்கின்றது; பெற்றோரைக் கேட்டால் அவரும் விழிக்கின்றனர். சண்டை தீர்ந்தது உண்மையே. ஆனால் இரு வீட்டாரும் ஒருங்கே தோற்றனர்.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவரல்லர். இந்நாட்டிலே இதனைத் தொடக்கத்திலேயே எதிர்கொண்ட குடிகளுள் நம் குடியும் ஒன்று. அவர்கள் செய்து காட்டிய வழி நம் பெயர்களுக்குள்ளேயே கிடக்கின்றது. அதனை எடுத்துக் காட்டுதலே இன்று யாம் செய்யக் கருதியது.

கொற்கை முத்தோடு சேர்த்துப் பேசப்படுங் குடி நம் குடி. பரதவர் என்னும் பெயர் சங்கச் சான்றோர் பாடல்களிலேயே வழங்குவது. அக்குடியினர் 1535 முதல் 1537 வரையிலான சில்லாண்டுகளில், முத்துக்குளித்துறைக் கரையூர்கள் தோறும் ஞானஸ்நானம் பெற்றனர். தொகை ஏறத்தாழ 20,000 என்பர். அக்காலை ஞானத்தந்தையராய் நின்ற போர்த்துக்கீசியரின் குடும்பப் பெயர்கள் நம்மவர்க்கு வந்தன. அந்தப் பெயர்களைத் தாங்கியவர்க்கு அவற்றின் பொருள் தெரிந்திராது. மச்சாது என்பது அம்மொழியில் கோடரி. பெரேரா என்பது பேரிக்காய் மரம். கர்வாலியோ என்பது கருவாலி மரம். பேரிக்காய் மரத்தைக் கண்ணாற் காணாத கரையில் பெரேராக்கள் தழைத்தனர்!

பிலிப்பைன் தீவுகளில் 1849ஆம் ஆண்டு கிளாவெரியா என்னும் எசுப்பானிய ஆளுநர், ஒரு பெரும் பெயர்ப்பட்டியலை அச்சிட்டு, அதிலிருந்து குடும்பப் பெயர் கொள்ளுமாறு ஆணை பிறப்பித்தார். நம் கரையில் அத்தகைய அரசாணை எதுவும் இல்லை. ஞானத்தந்தை, ஞானமகன் என்னும் உறவின் வழியாகவே பெயர் வந்தது. இவ்வேறுபாட்டை நம் இளைஞர் மனங்கொள்ளல் வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அன்றோடு போர்த்துக்கீசியர் ஆட்சி இக்கரையில் ஒழிந்தது. அவர்கள் இங்கு அதிகாரஞ் செலுத்திய காலம் ஏறத்தாழ 120 ஆண்டு. அவர்கள் போன பின் கழிந்த காலமோ 360 ஆண்டுக்கும் மேல். ஒல்லாந்தர் நம் முன்னோரைத் தம் சமயப் பிரிவுக்கு மாற்ற முயன்றனர், முடியவில்லை. ஆங்கிலேயர் வந்து சென்றனர். இத்தனை காலமும் பர்னாந்து என்றும் கோமஸ் என்றும் நம்மவர் தம்மை அழைத்துக்கொண்டது எவன் அச்சத்தால்? காக்கவோ ஒறுக்கவோ வல்ல போர்த்துக்கீசியன் ஒருவனும் கரையில் இல்லாத காலத்தில் மும்மடங்கு நீண்டு நின்ற பெயரை, அடிமைச் சூடு என்பது பொருந்துமோ? அது நம் பாட்டன் பூட்டன்மாருடைய பெயராய்விட்டது. பர்னாந்து என்பதும் போர்த்துக்கீசியர் சொந்தச் சரக்கு அன்று. செர்மானியக் குலத்தார் மொழியினின்று ஐபீரிய நாட்டிற் புகுந்தது. இரவல் வாங்கியவனிடம் இரவல் வாங்கினோம், அவ்வளவே.

நம்மவருள் எல்லாரும் அயற்பெயர் கொண்டாரல்லர். வில்லவராயர், பூபாலராயர், காலிங்கராயர் என்னும் பழம் பட்டப்பெயர்கள் ஞானஸ்நானத் தொட்டியில் கரையாமல் இன்றும் நிற்கின்றன. ஒரே தெருவில் வில்லவராயர் வீடும் ரொட்ரிகோ வீடும் அடுத்தடுத்து இருக்கும். கொள்வினை கொடுப்பினையும் நடக்கும். 1806ஆம் ஆண்டில் பனிமய மாதாவுக்குத் தங்கத் தேர் செய்தளித்த சாதித்தலைவர் தொன் கபிரியேல் தெக்குரூஸ் வாஸ் கோமஸ் என்பார். பெயரைக் கேட்டால் லிஸ்பன் நகரத்துப் பிரபுவென்று தோன்றும். அவர் செய்ததோ, தமிழ்நாட்டு முறைப்படி வடம் பிடித்து வீதியில் இழுக்குந் தேர்.

இனி, இடுபெயருக்கு வருவோம். குடும்பப் பெயர் அப்படியே நிற்க, குழந்தைக்கு இடும் பெயரில் நம் முன்னோர் மூவகை உத்தி கையாண்டனர்.

முதலாவது, ஓசையைத் தமிழ் வாய்க்கு இசைத்தல். வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரல் வேண்டும் என்றார் தொல்காப்பியர். அவ்விலக்கணம் படியாத நம் பாட்டிமார் அதனைப் போர்த்துக்கீசியச் சொல்லுக்கும் செய்து காட்டினர். இஞ்ஞாசியார் இன்னாசி ஆனார். செபஸ்தியான் பஸ்தியான் ஆனார். சந்தியாகு, சூசை, சவேரியார் யாவும் அவ்வாறே. 1542ஆம் ஆண்டு இக்கரை வந்த சவேரியார், தம் பெயர் சவரிமுத்து என்றும் சவரியம்மாள் என்றும் விரியுமென்று கனவிலும் கருதியிரார்.

இரண்டாவது, பொருளை மொழிபெயர்த்தல். பவுல் என்பதற்கு இலத்தீனிலே சிறியவர் என்பது பொருள். ஆதலின் சின்னப்பர் ஆனார். யோவான் என்பதற்கு எபிரேய மொழியிலே இறைவன் அருளினான் என்பது கருத்து. ஆதலின் அருளப்பர் ஆனார். யோசேப்பு என்பது பெருகுக என்னும் பொருள் தருவது. அதனை உணர்ந்தே வீரமாமுனிவர் தேம்பாவணியின் தலைவனை வளன் என்றார். அம்முனிவர் பெயரே இதற்குச் சான்று. கொன்ஸ்தான்சோ என்பது அவர்க்குத் தாய் தந்தையர் இட்ட பெயர். உறுதியுடையான் என்பது அதன் பொருள். தமிழ்நாடு புக்கபின் தைரியநாதர் ஆனார். பின்பு வீரமாமுனிவர் ஆனார். பெயர் மாறிற்று, பொருள் மாறவில்லை.

மூன்றாவது, இரண்டையும் பிணைத்தல். சவரிமுத்து, அந்தோணிமுத்து, இன்னாசிமுத்து என்னும் பெயர்களில் முற்பகுதி அடியாருடையது, பிற்பகுதியாகிய முத்து, தமிழ்நாடெங்கும் பெயரில் வழங்குவதாயினும், நம் கரையில் அது வெறுஞ்சொல் அன்று, சோறு. மூச்சடக்கிக் கடலடியில் இறங்கியவன் தன் மகனுக்கு முத்து என்று பெயரிட்டான். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு இங்கு நின்றுபோயிற்று. பெயரில் மட்டும் இன்னும் முத்து எடுத்துக்கொண்டிருக்கின்றோம். மார்கரேத் என்னும் பெயர்க்குங் கிரேக்க மொழியில் முத்து என்பதே பொருள். நம் வீடுகளில் மார்கரேத்துகளும் முத்தம்மாள்களும் எத்துணையர்! இருவரும் ஒரே பெயருடையார் என்பதை அறிந்தார் எத்துணையர்?

இவ்வுத்தி நம்மவர்க்கே உரியதென்று செருக்குறவும் வேண்டா. கீழக்கரை வள்ளல் செய்கு அப்துல் காதிர் தமிழ்ப் புலவர் நாவிற் சீதக்காதி ஆனார். அப்பெயரைச் செவியுறும் எவரும் அதனை அரபு என்று கொள்ளார். கடலோடு வாழ்வார் எந்நெறியினராயினும் பெயரை இவ்வாறே பழக்கினர்.

எது தமிழ், எது அயல் என்னும் எல்லையும் நாம் நினைப்பது போல் தெளிவானதன்று. ஓர் அன்பர் குரூஸ் என்னும் பெயரை வெறுத்துத் தம் மகனுக்குச் சிலுவை என்று தமிழிற் பெயரிட விரும்பினார். குரூஸ் போர்த்துக்கீசியச் சொல் என்பது மெய். சிலுவையோ சுரியானி மொழியினின்று வந்தது. முன்னது வந்தது கப்பலில். பின்னது அதற்கும் முந்திய கப்பலில். யாம் இதனைக் கூறியபோது அவர் சிறிது வருந்தினார்.

குரூஸ் என்றவுடன் நம் நகரத்தார் நினைவுக்கு வருபவர் ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்கள். நகராட்சித் தலைவராயிருந்து, 1927ஆம் ஆண்டில் வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிநீர் கொணர்ந்த பெருந்தகை. இரு சொல்லும் அயற்சொல்லாகிய அப்பெயரை, இந்நகரத்து எக்குலத்தாரும் அயற்பெயர் என்று கருதியதில்லை. நம் காலத்திலும் கொற்கை என்னும் புதினத்துக்காக 2013ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர் ஜோ டி குரூஸ். நெய்தல் நிலத்துப் பேச்சுத் தமிழை ஏட்டில் ஏற்றியவர் பெயர் அது. தமிழ் எழுத்தில் அல்லாது உரோமானிய எழுத்தில், 1554ஆம் ஆண்டு லிஸ்பனில் அச்சேறிய தமிழ் மறைக்கல்விச் சிறுநூலுக்கு உழைத்த தமிழர் மூவர் பெயரும் விஞ்சேந்தே தெ நசரேத்து, சோர்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ் என்பனவே.

தமிழ்ப் பெயர் வேண்டுவோரை யாம் இழித்துரைக்கின்றோம் என்று எண்ணற்க. தமிழ்ப் பெயரில் எமக்குள்ள காதல் எம் மாணவர்க்குத் தெரியும். களைதல் வேறு, சேர்த்தல் வேறு என்பதே எம் கருத்து. மறைமலையடிகளார் 1916ஆம் ஆண்டளவில் வேதாசலம் என்னும் தம் பெயரை மொழிபெயர்த்தார், பொருளை விட்டாரில்லை. தனிநாயக அடிகளாரை எண்ணுங்கள். 1913ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையிற் பிறந்து, நம் தூத்துக்குடி மறைமாவட்டத்துக் குருவாய், வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்து, தமிழை ஆழக் கற்று, 1948ஆம் ஆண்டு இந்நகரிலே தமிழ் இலக்கியக் கழகம் கண்டவர் அவர். சேவியர் என்பது அவர்க்கு இட்ட பெயர். தமிழ்ப் பற்று மேலிட்ட காலத்து அதனை வீசி எறிந்தாரோ? இல்லை. தம் முன்னோர் வழியிலிருந்த தனிநாயகம் என்னும் பெயரை அதனோடு சேர்த்துக்கொண்டார். சேவியர் தனிநாயகம் என்றே உலகெங்கும் அறியப்பட்டார்.

"தமிழ்ப் பெயர் வைத்தால் கோயிலில் ஒப்புவார்களா?" என்று தாய்மார் சிலர் அஞ்சுகின்றனர். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 761ஆம் விதி கிறிஸ்தவப் பெயர் இடுதலைப் பங்குக்குருவின் கடமையாக்கிற்று. பெற்றோர் இணங்காவிடில், அவர் இட்ட பெயரோடு ஓர் அடியார் பெயரையுஞ் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுதுக என்றது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 855ஆம் விதியோ, கிறிஸ்தவ உணர்வுக்கு அயலான பெயரைத் தவிர்க்க என்னும் அளவிலே நின்றுவிட்டது. அன்பழகன் என்றோ அருள்மொழி என்றோ இடுவதற்குத் தடையேதும் அதில் இல்லை.

ஒரு நிகழ்ச்சி கூறுவோம், பெயர்கள் கூறோம். நம் குலத்து இளைஞர் ஒருவர் திருநெல்வேலிச் சைவக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். பெண் குழந்தை பிறந்தது. ஆகஸ்டு 5ஆம் நாள் திருவிழாக் கொடி பறந்துகொண்டிருந்த வாரம் அது. தஸ்நேவிஸ் என்றுதான் பெயரிடல் வேண்டும், தம் தாயார் பெயர் அது என்றார் குழந்தையின் அப்பச்சி. பனிகளுக்குரிய மாதா என்னும் பொருளில் போர்த்துக்கீசியர் கூறிய தொடரின் கடைப்பகுதி அது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இக்கரையில் வழங்குவது. காந்திமதி என்பதே வேண்டும், நெல்லையப்பர் சந்நிதியில் நேர்ந்துகொண்டோம் என்றார் தாய்வழி ஆச்சி. "அப்பெயர் இட்டால் ஞானஸ்நானத்துக்கு வரேன்" என்றார் அவர். "இந்தப் பெயர் என் வாயில் நுழையாது, நான் குழந்தையைக் கூப்பிடவே மாட்டேன்" என்றார் இவர். தாய் அழுதுகொண்டிருந்தார். இளைஞர் எம்மிடம் வந்தார். கைப்பேசியில் ஓர் ஈரெழுத்துப் பெயரும் ஆயத்தமாய் இருந்தது.

யாம் செய்தது பெரிதன்று. இரு பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பொருளைப் பிரித்தோம். ஒன்றிற் பனி இருந்தது. மற்றொன்றில் மதி இருந்தது. பனிமதி என்றோம். குளிர்ந்த திங்கள் என்பது பொருள். சைவத் திருமுறை ஓதும் வீட்டார்க்கு அச்சொல் புதிதன்று. இறைவன் சடையில் இருப்பது அது. நம்மவர்க்கும் புதிதன்று, பிறைமேல் நிற்கும் அன்னையின் படம் இல்லாத வீடு நம் கரையில் ஏது? அப்பச்சி நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "பதிவேட்டில் என் தாயார் பெயரும் இருக்க வேண்டும்" என்றார். தஸ்நேவிஸ் பனிமதி என்று எழுதப்பட்டது. இன்றும் அவர் அக்குழந்தையைப் பனிமயம் என்றே விளிக்கின்றார். ஆச்சி, மதி என்கின்றார். குழந்தை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கின்றது.

எல்லாப் பெயரும் இவ்வாறு எளிதிற் பொருந்திவிடா என்பது உண்மை. பொருந்தாவிடின் இரண்டையும் இடுக. பழைய நாளில் அது வழக்கமே. பாட்டன் பெயரைத் தாங்குதலால் அன்றோ பெயரன் என்றும், அது மருவிப் பேரன் என்றும் ஆயிற்று? ஆயினும் மாமனார் பெயரை மருமகள் வாயாற் சொல்லாள். ஆதலின் பிள்ளைக்கு வீட்டுப்பெயர் ஒன்று தனியே வேண்டியிருந்தது. அது பெரும்பாலும் தாய் இட்டதாயிருக்கும். பதிவேட்டில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. இரு குடும்பத்துக்கும் அங்கே இடமிருந்தது.

எப்பெயர் இடினும் ஒரு சோதனை செய்க. இரு வீட்டிலும் வயதில் மூத்த பாட்டியாரிடம் அப்பெயரைச் சொல்லி, வாசலில் நின்று உரக்க அழைக்கச் சொல்லுங்கள். அவர் நா தடுமாறினால், எத்துணை அழகிய பெயராயினும் தள்ளிவிடுக. எண்கணிதக்காரர் ஓர் எழுத்தை இரட்டிக்கச் சொன்னால் கேளற்க. அவ்விரட்டிப்பால் நேரும் இடரை ஆசிரியராகிய யாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். பிறப்புச் சான்றில் ஓர் எழுத்து, ஞானஸ்நானச் சான்றில் ஓர் எழுத்து, ஆதார் அட்டையில் பிறிதோர் எழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எழுதும் நாளில் பெற்றோர் அலுவலகம் அலுவலகமாய் ஓடுகின்றனர். குடும்பப் பெயரில் இவ்விடர் இன்னும் மிகுதி. ஒரே தந்தையின் மக்களுள் மூத்தவன் பர்னாந்து, இளையவன் பெர்னாண்டோ, மகள் பர்னாண்டஸ். சட்டத்தின் முன் மூவரும் மூன்று குடும்பம். ஆதலின் வீட்டில் ஓர் எழுத்துமுறையை வரையறுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, பிறப்புச் சான்று வாங்குமுன் கையில் வைத்துக்கொள்க. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் வழி, பெயரின்றிப் பிறப்பைப் பதிந்து, ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னும் தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வழியுண்டு. ஆகவே மருத்துவமனை வாசலில் நின்று சண்டையிட வேண்டியதில்லை. இரு வீட்டாரும் அமர்ந்து பேசப் பன்னிரண்டு திங்கள் இருக்கின்றன.

முடிக்குமுன் நும்மிடம் ஒரு விண்ணப்பம். நம் கரையில் வழங்கிய பழைய இடுபெயர்களையும் வீட்டுப்பெயர்களையும் தொகுக்க விரும்புகின்றோம். மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், வேம்பாறு முதலிய ஊர்களில் எழுபது எண்பது வயதுடைய பெரியோர் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதி, நம் இதழ் முகவரிக்கு விடுத்து உதவுக. ஆளின் விவரம் வேண்டா. பெயரும், அது வழங்கிய ஊரும், அறிந்தால் அதன் காரணமும் போதும். எழுதுங்கால், பள்ளிப் பதிவேட்டில் உள்ளவாறு எழுதாது, பாட்டியார் அழைத்தவாறே எழுதுக. சவேரியார் என்று திருத்தற்க. சவரி என்றே எழுதுக. பஸ்தியான் என்றால் பஸ்தியான்.